தலைமாட்டுக்கு ஒரு மெத்தை

"நெக்ஸ்ட்!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் அண்ணி பலகையில் ஒவ்வொரு ஸ்டேப்ளர் பின்னையும் அடிக்கிறாள். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை அவளுடையது. வீங்கிய கன்னங்களை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பி அனுப்பி, அந்தச் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் துணி காயப்போட்டால் ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு நெக்ஸ்ட். நாத்தனார் 'அண்ணி, அண்ணி' என்று அழைத்து அழைத்து, அக்கம்பக்கத்துக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

இந்த நெக்ஸ்டால்தான் வம்பே. கையில் இருப்பது முடிவதற்குள் மனசு அடுத்ததற்குத் தாவிவிடும். சமையலறைச் சுவர் அவள் கை எட்டிய உயரம் வரை பளிச்சென்ற மஞ்சள். அதற்கு மேல் பழைய அழுக்கு வெள்ளை. அவள் பின்னிய ஸ்வெட்டருக்கு ஒரு கைதான். லாரி ஓட்டும் கணவர் அதையும் மாட்டிக்கொண்டு போவார். "ஜன்னல் பக்கம் காத்து வேணும்ல, அதான் அந்தக் கை வெக்கல" என்று கிளீனரிடம் சமாளிப்பார். நாத்தனாருக்குச் சமாளிக்கும் வேலையெல்லாம் இல்லை. "அரைகுறை அண்ணி" என்று முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

அந்தக் கணவர்தான் முதுகில் ஆபரேஷன் முடிந்து இன்று வீடு திரும்புகிறார். படுத்தே கிடக்கக் கூடாது, சாய்ந்து உட்கார வேண்டும், முதுகு படுகிற இடம் மெத்தென்று இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக் கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகையே கிடையாது. பின்னால் சொரசொரவென்று சுவர். தலையணையை அண்டக் கொடுத்தால் நழுவிவிடும். கடையில் மெத்தை வைத்த பலகையின் விலையைக் கேட்டாள். கேட்ட வேகத்தில் படியிறங்கிவிட்டாள்.

"நானே பண்ணிடறேன்" என்று அவள் சொன்னதும் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எந்தப் பாதிய அண்ணி? மேல் பாதியா, கீழ் பாதியா?"

சிரிப்பு சுருக்கென்று குத்தியது. பரணிலிருந்து உடைந்த பீரோவின் மரக்கதவு இறங்கியது. ஜன்னல் திரை உறையானது. பஞ்சுக்குத்தான் திண்டாட்டம். அப்போது பார்த்து பல் டாக்டர் கிளினிக்கின் பழைய நாற்காலியைக் கழித்துக்கட்ட, அதன் மெத்தையை அப்படியே உரித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். ஒருமுறை பல்வலியோடு கிளினிக்குக்கு வந்து, டிரில் சத்தம் கேட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிய மனிதர் அவள் கணவர். "இது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சா சாயவே மாட்டார்" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

செய்முறை வீடியோவையும் அவள் பாதிதான் பார்த்திருந்தாள். நான்கு மூலையிலும் முதலில் அடித்துவிட்டு நிமிர்த்திப் பார்த்தால், துணி நடுவில் கிழவர் கழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் கையை உதறிவிட்டு எழுந்து போவாள். எழுந்தும்விட்டாள். கட்டிலைப் பார்த்தாள், அந்தச் சுவரைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, மீதி வீடியோவைப் பார்த்தாள். நடுவிலிருந்து இழுத்து அடித்துக்கொண்டே ஓரத்துக்குப் போக வேண்டுமாம். ஸ்குரூ டிரைவரால் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். அதற்கு மட்டும் நெக்ஸ்ட் சொல்லவில்லை.

இந்த முறை துணி விண்ணென்று நின்றது. அவளுக்கு உடம்பெல்லாம் சிரிப்பு! பலகையை மடிமேல் சாய்த்துக்கொண்டு கடைசி ஓரத்தைப் பிடித்தாள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். கடைசிப் பின்னும் இறங்கியபோது வாசலில் டாக்சி ஹாரன்.

துள்ளி எழுந்தவளை ஏதோ பிடித்து இழுத்து உட்காரவைத்தது. குனிந்து பார்த்தாள். திரைத் துணியோடு சேர்த்துத் தன் நீலத் துப்பட்டாவையும் அடித்திருந்தாள். அவர் ஆசையாக வாங்கித் தந்தது. அவர் வருகிறாரே என்று இன்று போட்டுக்கொண்டது.

"அண்ணி, கதவத் தெறங்க! அண்ணனால நிக்க முடியல!" ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்துவந்த நாத்தனாரின் குரல்.

நெம்பினால் துப்பட்டா பிழைக்கும். ஆனால் ஓரம் முழுவதும் விட்டுப்போகும். கை ஸ்குரூ டிரைவரைத் தொட்டது. அதைத் தள்ளிவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தது. சரக்!

பலகையைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

அவர் பயந்து பயந்து சாய்ந்தார். முதலில் தோள், அப்புறம் முதுகு. அப்புறம் மொத்த பாரத்தையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். "ஆஹா... என்னம்மா இது, இப்படி மெத்துமெத்துனு! எந்தக் கடைல வாங்கினே?"

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் காலில் போர்வையை இழுத்துவிட்டாள்.

நாத்தனார் மட்டும் விடுவாளா? சுவரோரமாகத் தலையை நுழைத்து, பாதியில் நிற்கும் இடத்தைத் தேடிப் பலகையின் பின்பக்கம் விரலை ஓட்டினாள். ஓரம் முழுக்கப் பின். கடைசி மூலையில் ஒரு நீலக் குஞ்சம் விரலில் தட்டுப்பட்டது. நிமிர்ந்து அண்ணியின் தோளைப் பார்த்தாள். கிட்டே வந்தாள். அண்ணன் கண்ணைத் திறப்பதற்குள், துப்பட்டாவின் வெட்டுப்பட்ட நுனியை மடித்து, அண்ணியின் இடுப்பில் செருகிவிட்டாள்.