குக்கருக்குள் இரண்டு முட்டை

முட்டையைக் குக்கரில் அவித்தால் வாடை வெளியே வராது என்று எனக்கு யார் சொன்னார்களோ, இப்போது ஞாபகமில்லை. சொன்னவள் அகப்பட்டால் இன்றைக்கும் நாலு கேள்வி கேட்பேன். மூடியிருக்கிற வரைக்கும் வாடை உள்ளேதான் இருக்கும். வெயிட் தூக்குகிறபோது அவ்வளவும் விசிலோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். கூடுதலாக வெந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை படிந்து, வெந்நீரில் வேகவைத்ததைவிட இரண்டு மடங்கு நாறும். இதெல்லாம் பட்ட பிறகு தெரிந்துகொண்டது.

எண்பதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே அவருக்குக் காசம் வந்தது. மாத்திரை சாப்பிட்டார், இருமல் நின்றது, உடம்பு தேறியது. தேறிவிட்டது என்று தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு ஷிப்டுக்குப் போனார். பாதியில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆம்பளை, கேட்டால்தானே. இரண்டாம் தடவை அது வந்தபோது பழைய மாத்திரைகள் எதற்கும் அது கேட்கவில்லை, வீரியமான வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

ராஜபாளையத்தில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் எல்லாரும் மில்காரர்கள். இருமலை வைத்தே இன்ன நோய் என்று சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் மறுபடி வேலை கிடையாது என்று அவர் பயந்தார். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு வளவில் கடைசி அறையைப் பிடித்துக் குடிவந்தோம். நடு முற்றம், சுற்றிலும் குடித்தனங்கள், பின்கட்டில் எல்லாருக்கும் பொதுவாகக் கதவில்லாத ஒரு சமையல்கட்டு. வீட்டுக்கார அம்மா முகப்பு வீட்டில் இருந்தாள். நெற்றி நிறைய திருநீறு பூசுகிற சைவக் குடும்பம். சாவியைக் கொடுக்கும் முன் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

“நீங்க சைவம்தானே?”

“ஆமாக்கா” என்றேன். ஆட்டுத்தலையை அடுப்பில் வாட்டித் தின்கிற வீட்டில் பிறந்தவள் நான்.

அவருடைய இருமலுக்கு, மில்லில் பஞ்சு நெஞ்சில் ஏறி இழுப்பு வந்துவிட்டது என்று சொல்லி வைத்தோம். அது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், யாரும் துருவிக் கேட்கவில்லை. ஆனால் டாக்டர் தினமும் இரண்டு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார். மாத்திரை வீரியம் தாங்க உடம்பில் சத்து வேண்டுமாம். டாக்டர் முட்டை தின்னச் சொன்னார் என்று வெளியே சொன்னால் போதும், என்ன நோய் என்று ஊருக்கே விளங்கிவிடும். அப்புறம் சாமான் செட்டெல்லாம் தெருவில்தான்.

முட்டை கொடுத்தது என் மாமியார். வத்திராயிருப்பில் இளைய மகனோடு இருந்தாள், வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தாள். ஒரு பழைய பவுடர் டின்னில் தவிட்டைப் போட்டு, அதற்குள் முட்டைகளைப் புதைத்து, வாரா வாரம் பஸ்ஸில் கொண்டுவருவாள். வீட்டுக்கு வரமாட்டாள். மகனைப் பார்த்தால் அழுதுவிடுவாள், அழுதால் வளவில் கேட்பார்கள், கேட்டால் அவளுக்குப் பொய் சொல்ல வராது. பஸ் ஸ்டாண்டிலேயே டின்னைக் கொடுத்துவிட்டுக் கேட்பாள்.

“சாப்பிடுதானா?”

“சாப்பிடுதாக அத்தை.”

“ஒனக்கு ஒண்ணு வேணும்னாக்கூட எடுத்துக்கிடாத தாயி. அடுத்த தடவை ஒனக்குன்னு தனியாக் கொண்டாரேன்” என்பாள். வேறு மாமியார் சொன்னால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவள் வீட்டில் முட்டையை விற்றுத்தான் எண்ணெய் புளி வாங்குவார்கள். மகன் பிழைக்க வேண்டும் என்று அதை நிறுத்திவிட்டுக் கொண்டுவருகிறவளிடம் என்ன கோபப்பட?

பொதுச் சமையல்கட்டில் முட்டை அவிக்க முடியாது. மில்லில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஒரு கரண்ட் அடுப்பு செய்து கொடுத்திருந்தார். பீங்கான் தட்டில் கம்பிச் சுருள், இரண்டு வயர், அவ்வளவுதான். ஷாக் அடிக்கும் என்பதற்காக மணைப்பலகையில் ஏறி நின்றுகொண்டு, கல்யாணச் சீராக வந்த குக்கரை அதன்மேல் வைப்பேன். கதவைச் சாத்தி, ஜன்னலில் சேலையைத் தொங்கவிட்டு, பருப்பும் பெருங்காயமும் கீழே, முட்டை மேல் தட்டில். ஒரு விசிலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பெருங்காய வாடையோடு வாடையாகப் போய்விடும். பக்கத்துக் குடித்தனக்காரி, “என்ன, எந்நேரமும் பருப்புதானா?” என்று கேலி பண்ணுவாள். ஓட்டை நொறுக்கிக் காகிதத்தில் பொதிந்து, ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகும்போது வழியில் சாக்கடையில் போடுவேன். இரண்டு முட்டையையும் அவர் மெதுவாக, உப்பும் மிளகும் தொட்டுத் தின்பார். அந்த மாதங்களில் கன்னத்தில் கொஞ்சம் சதை கூடப் பிடித்தது. பிழைத்துவிடுவார் என்று நான் நம்பினேன்.

ஆடிப்பூரத் தேரன்று எல்லாம் கெட்டது. தேர் ஓடும்போது கரண்டை நிறுத்திவிடுவார்கள், கம்பியில் தேர் இடிக்கும் என்று. ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். வெளியூரிலிருந்து வந்த எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை. குக்கரை ஏற்றினேன், செத்த நேரத்தில் கரண்ட் போனது. சும்மா போயிருக்கிறது என்று நினைத்தேன். வளவு நிறைய வீட்டுக்கார அம்மாவின் சொந்தக்காரர்கள். “ஏட்டி, தேர் பாக்க வராம என்ன செய்யுத?” என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பிளக்கைப் பிடுங்கினேனா இல்லையா என்று தேர் வடத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் யோசித்தேன். கூட்டத்தில் திரும்பவும் முடியவில்லை.

தேர் எங்கள் பக்கத்தைக் கடந்ததும் கரண்டை விட்டிருக்கிறார்கள். கன்னத்தில் சதை பிடித்திருந்தாலும் எழுந்து நடக்கிற தெம்பு அவருக்கு இன்னும் வரவில்லை. விசில் மேல் விசிலாக அடித்தபோது எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார், இருமல் விடவில்லை. தவழ்ந்துபோய் வயரைப் பிடித்து இழுக்கிறதற்குள் தண்ணீர் வற்றி, சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு, பருப்பும் முட்டையுமாகக் கருகி வளவு முழுக்க நாறிவிட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது வந்திருந்த சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள்.

வீட்டுக்கார அம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். “யாருக்கு முட்டை?” என்று கேட்டாள்.

அவருக்கு என்றால் நோய் தெரிந்துவிடும். எனக்கு என்றால் நாக்குக்கு அலைகிறவள் என்று வெளியே போகச் சொல்வாள். போக வேறு இடமில்லை, அந்த நிலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“மசக்கைக்கா. ரெண்டு மாசமா முழுகல. முட்டை மேலயே நெனப்பா இருக்கு.”

அவள் முகம் சட்டென்று மாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. “இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். பிள்ளைத்தாச்சி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தப் பாவத்தை அவள் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டாள். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். கெட்டிக்காரி என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே கரண்ட் அடுப்பை வாங்கி மச்சில் போட்டுவிட்டாள். முட்டையை வளவுக்குள்ளே எடுக்கக் கூடாது, கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து அவிக்க வேண்டும், அங்கேயே தின்றுவிட்டு ஓட்டைப் புதைத்துவிட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சட்டம் அவ்வளவுதான் என்றால் பரவாயில்லை. நான் தின்று முடிக்கும் வரை அவள் எதிரே குந்தி உட்கார்ந்திருப்பாள். பிள்ளைத்தாச்சி தனியாக இருந்து தின்னக் கூடாதாம், காத்துக் கருப்பு அண்டுமாம். மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு, கண்ணில் சிரிப்போடு பார்ப்பாள்.

“ஒண்ணைப் பொறவு தின்னுக்கிடுதேன்க்கா.”

“ஆறின முட்டை வாயு. வயித்துப் புள்ளைக்கு ஆகாது. தின்னு.”

தின்றேன். வேறென்ன செய்ய? அவள் பார்க்கப் பார்க்க, உள்ளே அவர் இருமுவது கேட்கக் கேட்க, அவருடைய முட்டையை நான் தின்றேன். அவள் முகத்தைத் திருப்புகிற நாளில் ஒன்றைச் சுடச்சுட மடியில் செருகிக்கொள்வேன். இடுப்பில் கொப்புளம் கண்டு, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்படிக் கடத்தியது வெகு சொற்பம். பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுத்துப் பார்த்தேன், குடித்ததும் வாந்தியெடுத்துவிட்டார். கோபம் எனக்கு அவள்மேல் வரவில்லை என்று சொன்னால் பொய். எனக்கு ஒரு பழம் கூடக் கொண்டுவந்து கொடுப்பாள், தலையைத் தடவுவாள், அப்போதெல்லாம் அவளைத் துவைகல்லிலேயே மோதிவிடலாமா என்றிருக்கும். அவர் மட்டும் ஒருநாள் சிரித்தார். “எனக்குப் பதிலா நீயாவது தேறுதியே” என்றார். எனக்குச் சதை போட்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அத்தை வழக்கம் போலக் கேட்டாள். நான் வழக்கம் போலச் சொன்னேன். நடந்ததைச் சொன்னால் அன்றைக்கே வந்து மகனை வத்திராயிருப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். அங்கே ஆஸ்பத்திரியும் ஊசியும் எட்டாது என்று எனக்குப் பயம்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில் இருமல் வந்து, வாய் கொள்ளாமல் ரத்தம் வந்து, என் மடியில் தலையை வைத்தபடியே போய்விட்டார். மத்தியானத்துக்குள் ராஜபாளையத்திலிருந்தும் வன்னியம்பட்டியிலிருந்தும் சனம் வந்துவிட்டது. அத்தை கடைசியாக வந்தாள். டின்னோடு வந்தாள். சேதி சொல்லப் போனவன் ‘உடம்புக்குச் சரியில்லை’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்கார அம்மா தீட்டென்றும் பார்க்காமல் அறை வாசல் வரை வந்து அழுதாள். அழுகைக்கு நடுவே என் அத்தையிடம், “முழுகாம இருக்கிற புள்ளையை இப்படி விட்டுட்டுப் போயிட்டாரே” என்றாள்.

அத்தை தவழ்ந்து வந்து என் வயிற்றில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் சாகும்போது பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருந்தால், பிணத்தை எடுக்கும் முன் அதைச் சபைக்குச் சொல்லிவிட வேண்டும், பின்னால் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. வாயால் சொல்ல மாட்டார்கள். செம்பில் தண்ணீரை வைத்து, எத்தனை மாசமோ அத்தனை பூவை ஒவ்வொன்றாக அதில் போடுவார்கள். அத்தையின் அக்கா செம்போடு வந்து, முற்றத்தில் நின்ற ஆண்களுக்கு முன்னால் வைத்தாள். மாலையிலிருந்து பூவைக் கிள்ளிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

“எத்தனை பூ போடட்டும் தாயி?”

அத்தையின் கை இன்னும் என் வயிற்றில்தான் இருந்தது. ஆடியில் சொன்னதற்குக் கணக்காக ஒரு எண்ணிக்கையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. சொல்லிவிட்டு எங்கே போய்ப் பிள்ளையைக் கொண்டுவர?

“பூ வேண்டாம் பெரியம்மா. வயித்துல ஒண்ணும் இல்ல.”

“ஏட்டி, நீதானே சொன்ன?” என்றாள் வீட்டுக்கார அம்மா.

“முட்டைக்காகச் சொன்னேன்க்கா. அவியளுக்கு டாக்டர் முட்டை குடுக்கச் சொல்லியிருந்தாரு.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒன்றும் விளங்காமல்தான் கேட்டாள். “அவருக்கா? அம்புட்டையும் நீதானே தின்ன? எங்கண்ணு முன்னாடி உக்காந்துதானே தின்ன?”

அத்தை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். சதை பிடித்த என் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு பாயில் கிடந்த மகனைப் பார்த்தாள்.

“நான் கொண்டாந்ததையா?”

“ஆமா அத்தை” என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் அந்தக் கை என்மேல் படவில்லை.