அரைக்காத எலும்புகள்

கமெலு போர்னியோவில், கஹாயான் ஆற்றங்கரையில் பிறந்த தயாக் பழங்குடிப் பெண். ஓர் ஆஸ்திரேலியனைக் கட்டிக்கொண்டு மெல்பேர்ன் பக்கத்து வெரிபீக்கு வந்தாள். அவன் விட்டுவிட்டுப் போனபின், முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் லோன்றியில் என்னோடு வேலை செய்தாள். மத்தியானத்தில் என் சோற்றையும் அவளுடைய கீரையையும் ஒரே தட்டில் போட்டுத்தான் சாப்பிடுவோம்.

அவர்களுடைய ஊரில் செத்தவரை முதலில் புதைப்பார்கள். சில வருடங்களுக்குப் பிறகு எலும்புகளைத் தோண்டிக் கழுவி, கால்கள் வைத்த சின்ன மரவீட்டில் சேர்ப்பார்கள். அந்தச் சடங்கின் பெயர் தீவா. அது முடியும்வரை உயிர் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. அவளுடைய தாய் இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தாள். சுற்றியிருந்த காடு முழுக்கப் பாம் எண்ணெய்த் தோட்டமாகிவிட்டது.

"அம்மாவை எடுக்கேக்க நானும் நிக்கவேணும்" என்பாள். என்னிடம் பழகிய தமிழ் அது. "நான் செத்தால் என்னையும் அம்மாவோட வைக்கவேணும்."

அவள் இறந்த கிழமை நான் வேறு மாநிலத்தில், பரமட்டாவில், தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நின்றேன். எங்கள் தமிழ்ச் சங்கத்து மகேந்திரராஜா அங்கிள் போன் எடுத்தார்.

"யோகா, உம்மோட வேலை செய்த பிள்ளை ஹார்ட் அட்டாக்கில போட்டுது. நீர் அங்க அந்தரத்தில நிப்பீரெண்டு சொல்லேல்லை. காலமை தேவாரம் பாடி, ஒரு குறையுமில்லாமல் எரிச்சாச்சு."

"எரிச்சதோ? ஏன் அங்கிள்?"

"அவவும் இந்துதானே. வேலையிடத்தில அப்பிடித்தான் சொன்னவை."

கமெலுவின் நாட்டு அரசாங்கம் அவர்களுடைய மதத்தை இந்து என்ற பெயருக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கிளுக்கு அது எங்கே தெரியும்? யாருமில்லாத பெண்ணுக்கு நல்லது செய்ததாகவே நினைத்திருந்தார்.

"அங்கிள், உடனே எரிச்ச இடத்துக்கு ஓடுங்கோ. சாம்பல் தர முந்தி எலும்பை மெஷினில போட்டு அரைப்பினம், அரைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ!"

"என்ன பிள்ளை, விசர்க்கதை கதைக்கிறீர்?"

"ஊரில காடாத்துக்கு எலும்பு பொறுக்கிறேல்லையே? அவவுக்கு அந்த எலும்பு வேணும்."

அது அவருக்கு விளங்கியது. ஓடினார். வெந்த எலும்புகளை அரைக்காமல் ஒரு பெட்டியில் வாங்கிக்கொண்டுவந்து, நான் மெல்பேர்ன் திரும்பியதும் என் கையில் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கமெலுவின் தம்பி இத்தாருக்கு வீடியோவில் பெட்டியைத் திறந்து காட்டினேன். போனை இன்னும் கிட்டே பிடிக்கச் சொன்னான். பிறகு தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான்: பார்சலில் அனுப்பவேண்டாம், அக்கா வழி தவறிவிடுவாள், அவளோடு சேர்ந்து சாப்பிட்ட ஒருவர் பேசிக்கொண்டே கூட்டிவர வேண்டும், அதுவரை, வீட்டை விட்டுப் போகும்போதெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அக்காவைக் கூட்டிப்போக அவன் கேட்ட விசாவை மறுத்துவிட்டார்கள். நான் முடிவு வரும்வரை தற்காலிகமாகத் தரும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறேன். வெளியே போனால் திரும்பி வரமுடியாது. என் மகன் இங்கே பள்ளிக்கூடம் போகிறான்.

"நான் சிற்றிசன். நான் கொண்டுபோறன்" என்றார் அங்கிள்.

இத்தார் வீடியோவில் அவரிடம் ஒன்றுதான் கேட்டான். "அக்காவோடு சாப்பிட்டிருக்கிறீர்களா?"

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "ஓமெண்டு சொல்லட்டோ?" என்று மெல்லக் கேட்டார். நான் பெட்டியைப் பார்த்தேன். அவர் ஓமென்று சொல்லவில்லை.

"ஒருக்கா எங்கட வீட்டுப் பூசைக்கு வந்தவ" என்றார் பிறகு என்னிடம். "வாசலில வச்சுப் பார்சல் கட்டிக் குடுத்து அனுப்பினனான். உள்ள வந்து இரும் எண்டு சொல்லேல்லை."

போன மாதம் அவர்களுடைய ஊரில் தாய்க்குத் தீவா முடிந்தது. தாயின் எலும்புகளுக்குப் பக்கத்தில் கமெலுவுக்காகக் கொஞ்சம் இடம் விட்டிருப்பதாக இத்தார் படம் அனுப்பினான். அடுத்த தீவா எப்போது என்று அவனுக்கே தெரியாது. ஊரில் ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

அங்கிள் வெள்ளிக்கிழமைகளில் பூ கொண்டுவருகிறார். "தம்பிக்காரன் இன்னும் மாட்டன் எண்டுறானோ?" என்று வாசலில் நின்றே கேட்பார். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார்.

பெட்டி குசினியில், நாங்கள் சாப்பிடும் மேசைக்கு மேலுள்ள சுவர்த்தட்டில் இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்து, "கமெலு, போட்டு வாறன்" என்கிறேன். எங்கே போகிறேன் என்றும் சொல்லுகிறேன். அவளை எப்போது கூட்டிப்போவேன் என்று மட்டும் சொல்ல முடியவில்லை.