சங்கீத சேர் அழுகிற இடம்

லுணுகலைக்கு மேலே, தொழிலாளர் லயத்து வீடுகளின் பிள்ளைகள் படிக்கும் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பித்தபோது, அங்கே சங்கீத ஆசிரியர் ஒருவர் இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்துக் கயிற்றில் ஆர்மோனியப் பெட்டியின் சாவி. சங்கீதப் பாடவேளையில் லெப்டொப்பில் எப்போதும் ஒரே பழைய படத்தைத்தான் போடுவார். அதில் ஒரு சங்கீத வாத்தியார் ஏழைப் பிள்ளைகளின் கையில் வாத்தியத்தைக் கொடுப்பார். அந்த இடத்தில் இவர் அழுவார். பொய் அழுகை இல்லை.

சங்கீதச் சோதனைக்கு ஒரு வாரம் இருந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தபோதே, "சேர், புள்ளைங்க ஒரு தடவையாவது ஆர்மோனியத்தத் தொட்டுப் பாக்கட்டுமே," என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "லயத்துப் புள்ளைங்க சேர், கட்டைய ஒடச்சிருவாங்க. நானும் லயத்துல வளந்தவன்தான், எனக்குத் தெரியாதா?"

பேச்சில் அழுகிற இடம் கடந்துவிட்டது. படத்தைப் பின்னுக்கு ஓட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.