இசட்டுக்கு இடம் தேடுகிறவர்

"கே.எல்.லுன்னா ஆங்கிள், கணுக்கால். டி.என்.னுன்னா விட்னஸ், சாட்சி." எதிரே வரிசையாக நிற்கும் ஜீப்புகளின் நம்பர் பலகைகளைப் பார்த்தபடி பாண்டித்துரை முணுமுணுப்பார். பலகையில் இருக்கும் இரண்டு எழுத்தும் அடுத்தடுத்து வருகிற ஆங்கில வார்த்தையை, அந்த ஜீப்பு நகர்வதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். அப்படி ஒரு கட்டாயத்தை அவரே ஏற்படுத்திக்கொண்டார்.

போடியில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் கடைக்குப் பக்கத்தில்தான் ஜீப்பு ஏறுவார்கள். அதனால் விடிந்ததும் கடையைத் திறந்துவிடுவார். ஐம்பதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் முத்துப்பிரியாதான் செல்போனில் அவருக்கு அந்த விளையாட்டைப் பழக்கிவிட்டாள். கட்டம் போட்ட பலகை, கைக்கு ஏழு எழுத்து. அவள் ஒரு வார்த்தை வைத்தால் இவர் ஒன்று வைக்க வேண்டும். "மருந்துப் பேர்ல இசட்டும் எக்ஸும் கொட்டிக் கெடக்குண்ணே. ஆனா ஒண்ணையும் ஏத்துக்க மாட்டேங்குது" என்று என்னிடம் குறைப்பட்டிருக்கிறார். "கியூவும் ஐயும் சேந்தாலே ஒரு வார்த்தை. அர்த்தம் கேக்காதீங்க. ஏத்துக்கிரும், அம்புட்டுத்தான்."

இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போகும் நான், டீ குடித்து முடிக்கும்வரை அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். போன ஆடியில், சாரல் விழுந்த ஒரு காலையிலும் அங்கேதான் இருந்தேன். அன்று அவருக்கு இசட்டும் ஒய்யும் எச்சும் ஒன்றாக வந்து மாட்டியிருந்தன. போனைக் கல்லாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

காய் எடுக்கப் போகும் சிலமலை ஊர் இருளம்மாள் வேகமாக வந்தார். ஏலச்செடிக்கு அடித்த பூச்சிமருந்து பட்டு இரண்டு கையும் தடித்துப்போயிருந்தன. "அப்பு, அரிப்பு தாங்கல. போன தடவ குடுத்தியே, அத வெரசா குடு. ஜீப்பு போயிரும்."

பாண்டித்துரை கையை நீட்டி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார். "சாப்புட்டு ஒண்ணு போடுக்கா" என்றபோதும் பார்வை போனில்தான் இருந்தது. ஜீப்பு கிளம்பிப் போனது. சற்று நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது. "பலகையில ஈ-ங்கிற எழுத்து கெடந்துச்சுண்ணே. இசட்டுல ஆரம்பிச்சு செஃபிர்னு வச்சுட்டேன். இளங்காத்துன்னு அர்த்தம். மூணு சனியனும் ஒண்ணாப் போயிருச்சு."

அந்தச் சிரிப்போடு பெட்டியை எடுத்த இடத்தில் வைக்கத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அரிப்பு மாத்திரைப் பெட்டி அலமாரியில் பிரிக்கப்படாமல் இருந்தது. கையில் இருந்தது அதற்கு அடுத்த பெட்டி. அதே நீல நிறம். பெயரில் முதல் நான்கு எழுத்தும் அதேதான்.

"அண்ணே, சுகர் மாத்திரயக் குடுத்துட்டேன். அந்தக்காவுக்குச் சுகரே கெடயாது."

இருளம்மாள் ஏறிய ஜீப்பை ஓட்டும் முனீஸ்வரனுக்குப் போன் போட்டார். போகவில்லை. அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டிவிட்டால் மலையில் டவர் கிடைக்காது. குளுக்கோஸ் பொட்டலங்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, என் பைக்கின் பின்னால் ஏறினார். கடையைப் பூட்டவில்லை.

மலையேறும்போது அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "வெறும் வயித்துல போட்டிருக்கக் கூடாது." சரிவில் நின்று காய் எடுக்கிற பெண்ணுக்குச் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஒரு வளைவில் லோடு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. நான் பிரேக் போடுமுன் அவர் இறங்கிவிட்டார். லாரிக்கும் பாறைக்கும் நடுவே புகுந்து, மூடுபனிக்குள் மேல்நோக்கி ஓடினார். லாரி ஒதுங்கியபின் நான் போய் அவரை ஏற்றிக்கொண்டேன்.

மலை உச்சியில், போடிமெட்டில் டவர் கிடைத்தது. "எறக்கி விட்டுட்டேன்ணே, எல்லாம் செடிக்குள்ள போயிருச்சுக" என்றான் முனீஸ்வரன்.

அவன் சொன்ன தோட்டத்துக்குள் ஓடி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு மேலே ஏறினோம். இருளம்மாள் ஒரு மரத்தடியில் சாய்ந்து கிடந்தார். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வியர்வை. விரல்கள் நடுங்கின.

"மாத்திர போட்டியாக்கா?"

"ஜீப்புலயே போட்டேன், அரிப்பு பொறுக்கல. கண்ணு இருட்டிக்கிட்டு வருது அப்பு."

பாண்டித்துரை அவருடைய தண்ணீர் பாட்டிலிலேயே குளுக்கோஸைக் கரைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். நடுக்கம் தணிந்தது. "சர்க்கர திரும்ப எறங்கும்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்" என்றார். பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, முனீஸ்வரனின் ஜீப்பிலேயே இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் பாண்டித்துரை இருளம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பதில் வந்தால்தான் அவருக்கு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் இருளம்மாளின் மகன் முத்துப்பாண்டி வந்து நின்றபோதுதான் டாக்டர், "இந்த மாத்திரைய யார் குடுத்தது?" என்று கேட்டார்.

பெட்டி ஒன்றுபோல இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. பாண்டித்துரை, "நாந்தான் சார். போனப் பாத்துக்கிட்டே குடுத்துட்டேன்" என்றார். முத்துப்பாண்டி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். இவர் அந்தக் கையை விலக்கவில்லை. நான்தான் விலக்கினேன்.

குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் இருளம்மாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். முத்துப்பாண்டி புகார் கொடுத்தான். அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். கடை சில வாரம் மூடிக் கிடந்தது. திறந்த பிறகு செல்போன் கடைக்கு வருவதில்லை. வீட்டில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மகளோடு ஆட்டம். இசட்டு வந்தால் இன்னமும் சந்தோஷம்தான் என்கிறார். ஆனால் மருந்தை எடுத்துக் கொடுக்கும்போது பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை நிறுத்திவிடுகிறார்.

இருளம்மாள் பல மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. தைப் பொங்கல் கழிந்து ஒரு காலை வந்து நின்றார். கையில் மறுபடியும் தடிப்பு. பாண்டித்துரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். இருளம்மாள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"எழுத்தெழுத்தாப் படி" என்றார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் வெடித்த நகத்தை முதல் எழுத்தின் கீழ் வைத்தார். பாண்டித்துரை அதை வாய்விட்டுச் சொன்னபிறகே விரலை அடுத்ததற்கு நகர்த்தினார். ஜீப்பு இரண்டு முறை ஆரன் அடித்தது. இருளம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் எழுத்தில் இருந்தது. பார்வை பாண்டித்துரையின் கண்களை விட்டு அகலவே இல்லை.