கஞ்சா அணியின் ஒரே பேச்சாளர்

எங்கள் கம்பெனியில் கஞ்சாவை ஒழிக்கப் பட்டிமன்றம் நடத்தினார்கள். மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. நமக்கு எதை ஒழிப்பதென்றாலும் முதலில் ஒரு மேடையும், ஒரு நடுவரும், இரண்டு பக்கமும் நாற்காலிகளும் வேண்டும்.

ஓசூர் தொழிற்பேட்டையில், லாரிகளுக்கு பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. அரசாங்கமே மதுக்கடைகளை எடுத்து நடத்தத் தொடங்கி ஓரிரு வருடம் ஆகியிருந்த சமயம். கழிவறை ஜன்னல் மேல் செய்தித்தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம் அகப்பட்டது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆளைப் பிடிக்க முடியாத குற்றம் என்றால் விழிப்புணர்வு ஏற்படுத்திவிடுவது மேனேஜ்மெண்டின் வழக்கம். பாதுகாப்பு வார விழாவில் ‘கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா, கூடாதா?’ என்று தலைப்பு வைத்தார்கள்.

யார் எந்த அணி என்பதைக் கேன்டீன் டம்ளரில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். ‘கூடாது’ வந்தவர்கள் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போகாத குறைதான். ‘அனுமதிக்கலாம்’ அணிக்கு மூன்று பேர். ஒருவருக்கு விழா அன்று காலையில் சரியாகக் காய்ச்சல் வந்தது. இன்னொருவர், தலைப்பைக் கேட்டதும் வீட்டுக்காரம்மா சோறு போட மாட்டேன் என்றுவிட்டதாகச் சொல்லி விலகினார். மிஞ்சியது நான். எனக்குச் சோறு போடாமல் இருக்க வீட்டுக்காரம்மா இல்லை, கல்யாண நிச்சயம் மட்டும் முடிந்திருந்தது. வம்பு வந்ததே அங்கிருந்துதான்.

பெண் வீட்டாரும் எங்களைப் போல விருதுநகர்ப் பக்கம். பெண்ணின் அப்பா முன்பே இங்கே பிழைக்க வந்து, அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் ஃபோர்மேன் ஆகி, ராயக்கோட்டை சாலையில் வீடும் கட்டிவிட்டார். பெண் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். பெண் பார்க்கப் போன அன்று, “கேசரில சக்கர கம்மியாப் போச்சு, சும்மா நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிராதீங்க” என்று அவளே சொல்லிச் சிரித்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

கஞ்சாவுக்கும் எனக்கும் இருந்த உறவையும் சொல்லிவிடுகிறேன். நான் ஊதுபத்திப் புகைக்கே தும்முகிறவன். ஆனால் மைக் கையில் கிடைத்தால் பாதியில் விட மனசு வராது. அதனால் ஒழுங்காகத் தயாரித்தேன். பக்கத்து மெஷினில் நின்ற நண்பர் சூளகிரிக்காரர். வீட்டில் தெலுங்கு, கண்டக்டரிடம் கன்னடம், சூப்பர்வைசரைத் திட்டத் தமிழ் என்று மூன்றையும் கலக்காமல் வைத்திருப்பவர். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் சில மடங்களில் அதைப் பிரசாதமாகவே தருவார்கள் என்று அவர்தான் சொன்னார். காண்ட்ராக்டில் வந்திருந்த வடக்கத்திப் பையன்கள், தங்கள் ஊரில் சிவராத்திரிக்கு அதன் இலையைப் பாலில் அரைத்துக் குடிப்போம் என்றார்கள். சட்டம் படித்த ஒருவரைக் கேட்டேன். பூவும் பிசினும்தான் கஞ்சா, வெறும் இலை அதில் சேராது என்றார். ஒரே செடியில் பாதி குற்றவாளி, பாதி நிரபராதி. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு எழுதினார்களோ என்று நினைத்தேன்.

மேடையில் மடத்தையும் சிவராத்திரியையும் சொன்னபோது கூட்டம் சும்மா இருந்தது. கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்கள். பிறகு எனக்கே தெரியாமல் குரல் ஏறிவிட்டது.

“நடுவர் அவர்களே! குடித்துவிட்டு வருகிறவன் சோற்றுச் சட்டியைத் தூக்கி எறிகிறான். தடுக்க வருகிற மனைவியின் கையை முறிக்கிறான். அவனுக்குச் சரக்கு கொடுத்தது யார்? அரசாங்கம். மூடியில் முத்திரை, கடைக்குப் பெயர்ப்பலகை, விற்கிறவருக்கு மாதச் சம்பளம். கஞ்சா புகைத்தவனோ மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனுக்கு ஜெயில். வீட்டை உடைக்கிற போதைக்கு லைசென்ஸ், சுவரைப் பார்க்கிற போதைக்கு விலங்கு என்றால், இதில் போதையில் இருப்பது யார்?”

அசெம்பிளி செக்‌ஷன் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆண்கள் பக்கம் கொஞ்சம் அமைதி. நடுவராக வந்த பள்ளி ஆசிரியர் என்னை வானளாவப் புகழ்ந்துவிட்டு, ‘கூடாது’ என்று தீர்ப்பளித்தார். எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்து அனுப்பினார்கள்.

மேடையில் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. புகைத்துவிட்டு ஷிஃப்டுக்கு வந்து பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்த பையன் ஒருவனை நான் பார்த்திருக்கிறேன். அவன் எந்தச் சுவரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, அழுதான். அனுமதிக்கலாமா என்று இன்றைக்கு யாராவது என்னைத் தனியாகக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் பட்டிமன்றத்தில் ‘தெரியாது’ என்று ஓர் அணி கிடையாதே.

கம்பெனி பஸ்ஸில் கிளம்பிய சேதி ராயக்கோட்டை சாலையில் இறங்குவதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டது. எங்கள் கேட்டில் ஏறும்போது, கஞ்சாவுக்காகப் பேசினான். தர்கா ஸ்டாப்பில், கஞ்சா அடிப்பானாம். பெண்ணின் அப்பா காதுக்குப் போகையில், வியாபாரமே செய்கிறானாம். அவர் தீர விசாரிக்கச் சொல்லித் தன் தம்பியை, அதாவது பெண்ணின் சித்தப்பாவை, அனுப்பினார்.

மாப்பிள்ளையின் நடத்தையை விசாரிக்க நம் ஆட்களுக்கு ஒரே ஓர் இடம்தான் தெரியும். சித்தப்பா என் சூளகிரி நண்பரைப் பிடித்து, நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடையை ஒட்டிய பாருக்குக் கூட்டிப்போயிருக்கிறார். மிக்சரும் வந்து, இரண்டாவது முறையும் ஊற்றிய பிறகு, “பையனுக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டாய்யா?” என்று கவலையோடு கேட்டிருக்கிறார்.

என் நண்பருக்கு என்மேல் பாசம் அதிகம். அன்று அது இன்னும் அதிகமாகியிருந்தது. “அய்யோ, தங்கமான ஆளுங்க. வெத்தலகூடப் போட மாட்டாருங்க. ஆனா கஞ்சாவப் பத்திப் பேசினாரு பாருங்க, அனுபவம் இல்லாதவனுக்கு அப்பிடிப் பேச வராதுங்க!” என்றாராம். மறுநாள் அவரே பெருமையாக என்னிடம் சொன்னார். என்னைப் பாராட்டியதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அன்று சாயங்காலமே பெண்ணின் அப்பா போன் செய்தார். “தம்பி, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. கொஞ்சம் பேசணும்.” நிச்சயம் ஆனதிலிருந்து என்னை மாப்ளே, மாப்ளே என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவர். ஒரே போனில் தம்பி ஆகிவிட்டேன். கல்யாணம் நின்றுவிடும் என்று தோன்றியது. அவளை இழந்துவிடுவேன் என்ற பயத்தில் இரண்டு நாள் மெஷினில் பாகங்களை மாற்றி மாற்றி ஒதுக்கித் திட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை அவளே ஒரு ரூபாய் போன் பூத்திலிருந்து கூப்பிட்டாள்.

“அப்பா சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க. பண்ணிருங்க.”

“பண்றதுக்கு என்ன? நான் அதத் தொட்டதே கெடையாதே.”

“அது எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கோவம் கஞ்சா மேலயே இல்ல. சட்டி, கை முறிக்கிறதுன்னு ஏதோ பேசுனீங்களாமே, அதுதான் சுட்டிருச்சு.” அவளே மேலும் சொன்னாள்: “எங்கூட வேல பாக்குற டீச்சரோட அக்கா உங்க அசெம்பிளிலதான் இருக்காங்க. அவங்க சொன்னத அப்படியே அம்மாகிட்டச் சொன்னேன். இன்னொரு தடவ சொல்லுன்னு கேட்டாங்க.”

பெண் பார்க்கப் போன அன்று அவள் அம்மாவின் இடது மணிக்கட்டில் துணிக்கட்டு இருந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொன்னார்கள். நானும் “பாத்து நடங்க அத்தே” என்று புத்தி சொல்லிவிட்டு வந்திருந்தேன். போனை வைத்தபிறகு அந்தப் புத்திமதிக்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஹாலில் அவள் அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு மணிக்கே இருவர் கண்ணும் சிவந்து, பாக்கு வாசனைக்கு அடியில் வேறொரு வாசனையும் வந்தது. போதைப் பழக்கத்தை விசாரிக்கப் பொருத்தமான பெஞ்சுதான். நடுவில் ஒரு தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஸ்டேஷனில் புளுகுகிறவன்கூட அதற்கு முன்னால் புளுகமாட்டான்.

“நம்ம வீட்டுப் பொண்ணு பாருங்க தம்பி. நாளைக்கு ஒரு போதக்காரன் கையில கொடுத்துட்டோம்னு ஊரு பேசப்படாதுல்ல” என்றார் அவள் அப்பா. சித்தப்பா சோகமாகத் தலையாட்டி ஏப்பம் விட்டார்.

அவள் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கற்பூரத்தை ஏற்றினார்கள். “கஞ்சாவைத் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன்” என்று சொல்லி உள்ளங்கையை வைத்து அணைத்தேன். சுரீர் என்றது.

“போதும் மாப்ளே!” என்று என் தோளைத் தட்டினார். உறவு திரும்பி வந்துவிட்டது. “ஏ, மாப்ளைக்குக் காப்பி கொண்டா!”

அவள் அம்மா காப்பி கொண்டுவரவில்லை. ஒரு வில்லைக் கற்பூரமும் தீப்பெட்டியும் கொண்டுவந்தார். கறுத்துப்போன தட்டை முந்தானையால் துடைத்து, கற்பூரத்தை வைத்து ஏற்றி, கணவர் முன்னால் நகர்த்தினார்.

“அவரு தொடாததுக்கே பண்ணிட்டாரு. நீங்க தொடுறதுக்கு ஒண்ணு பண்ணிருங்க.”

“கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? அதும் இதும் ஒண்ணா? அது திருட்டுத்தனம். இது கவர்மெண்டு விக்குது.”

“விக்கத்தான கவர்மெண்டு சொல்லுச்சு? அடிக்கவும் அதுதான் சொல்லுச்சா?”

அம்மாவின் குரல் உயரவேயில்லை. சித்தப்பா கூரையைப் பார்த்தார். என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நான் மைக்கில் கத்தியதையெல்லாம் அந்த அம்மா தன் வீட்டு ஹாலில், கத்தாமல், அடி வாங்கிய கையோடு சொல்லிவிட்டார். அவள் வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். யாரும் கைவைக்காமல் கற்பூரம் தானாகவே எரிந்து முடிந்தது. அவள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார், சித்தப்பாவும் பின்னாலேயே போனார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு.

கல்யாணத்தை நிறுத்தினால் எதற்காக நின்றது என்று ஊருக்குச் சொல்லவேண்டி வரும். ஆகவே அது நல்லபடியாக நடந்தது. மாமா வந்தவர்களையெல்லாம் கும்பிட்டு வரவேற்று, சாயங்காலத்துக்குள் தள்ளாடினார். நாங்கள் பாகலூர் சாலையில் வாடகைக்கு எடுத்த வீட்டில் பால் காய்ச்ச அத்தை வந்தார். இரண்டு நாளில் திரும்ப வேண்டியவர், ஒரு வாரம் ஆகியும் போகவில்லை. அடுத்த ஞாயிறு மாமா வந்து வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

“என்ன, இங்கயே இருக்கப் போறியா? கெளம்பு.”

அத்தை உள்ளே போய்ச் சாமி மாடத்திலிருந்து கற்பூர டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். “அணைச்சிட்டுக் கூப்புடுங்க. வாறேன்.”

மாமா டப்பாவை வாசல் திண்டு மேல் வைத்துவிட்டுப் போனார். அத்தை இன்றுவரை எங்களோடுதான் இருக்கிறார்.