அஞ்சலை போட்ட டிக்

போன மாதம் எங்கள் மாடிவீட்டுத் தேன்மொழி டீச்சர் ஒரு கட்டுக் காகிதத்தோடு இறங்கி வந்தார். முகம் சரியில்லை.

பள்ளிக்கூட வேலை போக, அஞ்சல் வழியில் உளவியல் எம்.ஃபில். செய்கிறார். செராமிக் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களின் மனநிறைவு — இதுதான் ஆய்வு. கேள்வித்தாள்களை ஒரு கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்தார். நான்காம் நாளே எல்லாம் நிரம்பித் திரும்பி வந்தன. அத்தனை பேருக்கும் பரம திருப்தி! சூளைக்கு முன்னால் வேகிறவர்களுக்கு இவ்வளவு சந்தோஷமா... ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு மகிழ்ந்துபோய், உடனே எழுதிக் கொடுங்கள் என்றாராம்.

டீச்சருக்குத்தான் உறுத்தல். எல்லாத் தாளிலும் ஒரே பச்சை மை. டிக்கெல்லாம் ஒரே சாய்வு. நேரில் போய் விசாரித்திருக்கிறார். விரிசல் பார்த்துச் சாமான் பிரிக்கிற அஞ்சலை எதையும் ஒளிக்கவில்லை.

"நாந்தான் டீச்சர் போட்டேன். அன்னைக்கி சூளை இறக்கற நாளு, யாருக்கும் கை ஒழியல. நீங்க பாஸாவணும்ல... அதான் எல்லாம் நல்லதாவே போட்டு வெச்சேன்."

இதைவிட நல்ல மனசு யாருக்கு வரும்? ஆய்வுக்குத்தான் உதவாது.

கைடோ, கண்டுகொள்ளாதீர்கள் என்கிறாராம். ஆய்வேட்டைக் கொடுக்கும் கடைசி நாளுக்குப் பத்து நாள்தான் பாக்கி. தவறினால் அடுத்த வருடம்தான். டீச்சர் நம்பியிருந்த கல்லூரி வேலையும் கைநழுவிவிடும்.

நான் யோசிக்கவே இல்லை. மறுபடி கேளுங்கள், முதலில் நடந்த கூத்தையும் மறைக்காமல் எழுதுங்கள் என்றேன். கெட்டுப்போன தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்லதை மட்டும் காட்டுவதற்குப் பெயர் ஆராய்ச்சியா? உபதேசம் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

டீச்சர் போனார். தினமும் டீ இடைவேளையில் ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து கேட்டார். பழைய திருப்தியைக் காணோம். அஞ்சலை விஷயத்தையும் ஒரு பக்கம் எழுதிவிட்டார்.

ஒன்பதாம் நாள் மறுபடி இறங்கி வந்தார். ஒரு கேள்வி மட்டும் இடிக்கிறதாம். 'மேலாளர் உங்களை மரியாதைக் குறைவாகப் பேசுவதுண்டா?' — கேள்வித்தாளின் ஆங்கில மூலத்தில் இப்படி இருக்கிறது. தமிழ்த் தாளில், 'மேலாளர் கண்டிப்பானவரா?'

தமிழாக்கியது... நான்தான். இதுவரை உங்களிடமும் சொல்லவில்லை. அந்த மேலாளர் தினமும் என்னோடு வாக்கிங் வருகிறவர். கண்ணில் பட்டால் என்ன நினைப்பாரோ என்று கொஞ்சம் மழுப்பிவிட்டேன். டீச்சர் முன்னால் வெட்கமாக இருந்தது.

"இதையும் எழுதணும் சார். தமிழ்ல மாத்தினது யாருன்னு பேரு போட்டாவணும். நீங்க சரின்னு சொன்னா எழுதிட்றேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். டீச்சர் மாடியேறிவிட்டார்.

அஞ்சலை செய்ததை எழுதச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆகவில்லை. நான் செய்ததை எழுதுங்கள் என்று சொல்ல இரண்டு நாள் பிடித்தது — அதற்குள், என் பதிலுக்குக் காத்திருந்த டீச்சருக்குக் கடைசி நாள் போய்விட்டிருந்தது.