ஒழுக்கும் ஒரு காய்ந்த சுவரும்

போன மாரியில், நல்லூரில் என் அக்காவின் வீட்டில் நடந்தது இது. விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த மழை, இனி விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அன்று கண்டதை இன்னும் பலருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கேட்பவர்கள் என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பத் தொடங்குவதற்குள் எழுதிவிடுவது நல்லது.

என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உள்ளூராட்சி மன்றம் ஒன்றில், கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எல்லையிலிருந்து எவ்வளவு விட்டுக் கட்ட வேண்டும், மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும், யாரிடம் முதலில் போய் யாரிடம் கடைசியில் போக வேண்டும் என்பதெல்லாம் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த அறிவால் எனக்குக் கிடைத்த பலன், உறவினர்கள் எனக்குத் தெரியாமல் வீடு கட்டத் தொடங்கியதுதான்.

அக்காவின் மகன் மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுக் கட்டினான். கனடாவில் இருப்பவன். பனிக்குள் நின்று வேலை செய்து, அம்மாவுக்கு ஒரு வீடு என்று ஆசைப்பட்டவன். எங்கோ பார்த்த ஒரு வீட்டின் படத்தை அனுப்பி, இப்படியே வேண்டும் என்றான். ஒரு வெள்ளைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து ஜன்னல் வெட்டியதுபோல் இருந்தது அது. கூரை என்று ஒன்று வீதியால் போகிறவர்களின் கண்ணில் படக்கூடாது. அதுதான் அவனுடைய நிபந்தனை.

கூரை இல்லாமல் வீடு இருக்காது. ஆகவே ஒளித்தார்கள். சுற்றிவரச் சுவரை உயர்த்தி, அதற்குள்ளே தகட்டுச் சீற் கூரையைத் தாழ்வாகப் போட்டார்கள். சுவருக்கு வெளியே நீளும் தாழ்வாரமே இல்லை. கூரையில் விழும் தண்ணீர் முழுவதும் பின்சுவரை ஒட்டியிருந்த வாய்க்கால் போன்ற ஒரு சீமெந்துப் பீலிக்குள் இறங்கி, ஒரேயொரு குழாயால் வெளியேற வேண்டும். அந்தப் பீலிக்கு நேர் கீழே அக்காவின் படுக்கையறை.

நான் அப்போதே தொலைபேசியில் சொன்னேன்.

"பீலி வெளியிலை இருந்தால், அடைச்சாலும் தண்ணி முத்தத்திலைதான் விழும். உள்ளுக்கை இருந்தால் கொம்மாவின்ரை தலையிலை விழும்."

"மாமா, உது பழைய முறை. இப்ப ஆரும் கூரை தெரியக் கட்டுறேல்லை."

வரைபடத்துக்கு அனுமதி கிடைத்தது. எந்த விதியையும் அது மீறவில்லை. மழை மட்டும் அந்த அனுமதியை மதிக்கவில்லை.

புதுவீடு குடிபூரலுக்கு அவன் வந்திருந்தான். வீட்டின் முகப்பைப் படமெடுத்து, வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் ஊர்க்காரரின் வட்ஸ்அப் குழுவில் போட்டான். பாராட்டு வந்து குவிந்தது. அதைப் பார்த்து இன்னும் சிலர் அதேபோல் வீடு கட்டத் தொடங்கினார்கள். அவன் திரும்பிப் போனான். மாரி வந்தது.

பக்கத்துக் காணி வேம்பின் இலைகள் அந்த ஒற்றைக் குழாயை அடைக்க அதிக காலம் எடுக்கவில்லை. நிரம்பிய பீலி வேறு வழியில்லாமல் சுவருக்குள் இறங்கியது. முதலில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு திட்டு. பிறகு சுண்ணாம்பு கழன்றது. பிறகு சுவரில் கறுப்புப் பூஞ்சணம். தாழ்வாரம் இல்லாததால் ஜன்னலாலும் சாரல் அடித்தது. ஒவ்வொரு கோடையிலும் ஒரு மேசன் ஏறி ஏதோ ஒரு தாரைப் பூசினார். ஒவ்வொரு மாரியிலும் அது கழன்றது. பூச்சில் பிழையில்லை, கூரையின் அமைப்பே பிழை என்று நான் சொல்வேன். அக்கா காதில் வாங்குவதில்லை.

காதில் வாங்கினால் மகனுக்குச் சொல்ல வேண்டி வரும். எங்கள் குடும்பத்தின் நோய் அதுதான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு நல்ல செய்தியை மட்டும்தான் அனுப்புவோம்.

"குளிருக்குள்ளை நிண்டு கட்டின வீடு. அது ஒழுகுதெண்டு அவனுக்கு என்னெண்டு சொல்லுறது, தம்பி? நீயும் சொல்லிப்போடாதை."

ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் அவன் கைபேசியில் முகம் பார்த்துக் கதைப்பான். அதற்கு முன்பு அந்த வீட்டில் நடக்கும் ஆயத்தங்களைப் பார்த்தால் மந்திரி வருகிறார் என்று நினைப்பீர்கள். அக்காவின் அறையில் ஒரு சுவர் மட்டும் காய்ந்திருந்தது. அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு அக்காவை இருத்துவார்கள். ஒழுக்குக்கு வைத்த சட்டிகளைக் கட்டிலுக்கு அப்பால் தள்ளுவார்கள். அக்காவோடு இருக்கும் மகள் கைபேசியைப் பிடித்துக்கொள்வாள். கை ஒரு சாண்கூட இடமோ வலமோ அசையாது. கலியாண வீட்டில் வீடியோ எடுக்கிறவர்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஒருமுறை அவன் கேட்டான். "என்னடி அது, ரக் ரக்கெண்டு சத்தம்?"

"மணிக்கூடு, அண்ணை."

"நல்ல சத்தமான மணிக்கூடுதான்."

"ஓம். மாமா வாங்கித் தந்தவர்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாங்காத மணிக்கூட்டுக்கு நன்றியும் பெற்றேன்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அக்காவுக்கு முட்டு தொடங்கும்வரை. அந்த ஈரச் சுவருக்கும் பூஞ்சணத்துக்கும் நடுவில் படுத்துப் படுத்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. படிக்கட்டு ஏறியவர் போல எந்நேரமும் இளைத்தார். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு மருந்தை எழுதினார். எழுதிவிட்டு, இந்த அறையில் படுத்தால் மருந்தெல்லாம் வீண், மாரி முடியும்வரைக்குமாவது வேறு இடத்தில் படுக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்கு வரச் சொன்னேன். அக்கா மறுத்துவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை அவன் எடுத்தால், ஏன் மாமா வீட்டிலை நிக்கிறியள் எண்டு கேப்பான். நான் என்னத்தைச் சொல்லுறது?"

"முட்டெண்டு சொல்லுங்கோ."

"ஏன் முட்டு வந்ததெண்டு கேப்பான்."

எதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது என்று நம்பி உத்தியோகம் பார்த்தவன் நான். தாய் ஒருவர் மகனுக்கு ஒழுக்கை அறிவிப்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வந்ததாக நினைவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மழையின் போக்கு பிடிக்காமல் குடையோடு போனேன். அக்கா வழக்கம்போல் தலை வாரி இழுத்து, நல்ல சேலை உடுத்து, காய்ந்த சுவருக்கு முன்னால் கதிரையில் இருந்தார். மூச்சு சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது. நான் மேலே பார்த்தேன். சீலிங் பலகை ஒன்று நிறைமாதக்காரியின் வயிறு போல் இறங்கியிருந்தது. மின்குமிழின் கண்ணாடி மூடிக்குள் தண்ணீர் ஆடியது.

முதலில் ஓடிப்போய் மெயின் சுவிற்ச்சை நிறுத்தினேன். பிறகு அக்காவை வெளியே வரச் சொன்னேன்.

"இப்ப எடுக்கப்போறான், தம்பி. கதைச்சிட்டு வாறன்."

"அக்கா, மேலை பாருங்கோ."

"பாத்தனான். போன கிழமையும் உப்பிடித்தான் நிண்டது."

அனுமதி கேட்டுக் காத்திருக்கும் வழக்கத்தை அன்று ஒருமுறை மீறினேன். அக்காவின் மகள், என் மருமகள், ஒரு பக்கம்; நான் மறுபக்கம். கதிரையோடு தூக்கினோம். "விடடா, விடடா" என்று அக்கா என் தோளில் அடித்தார். கூடத்தில் கொண்டுவந்து இறக்கி, நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் அறைக்குள் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தோம். சீலிங் பலகையும் அதன்மேல் நின்ற தண்ணீரும் ஊறிய சீமெந்துக் கட்டிகளும் கட்டிலில் கிடந்தன. தலையணை இருந்த இடம் தெரியவில்லை. ஒரு கட்டி கதிரை இருந்த இடம்வரை உருண்டு வந்திருந்தது.

கைபேசி அடித்தது.

மருமகள் எடுத்தாள். பழக்க தோஷம், கூடத்தில் எந்தச் சுவர் காய்ந்திருக்கிறது என்று அவளுடைய கண் தேடியது.

"ஏன் இருட்டாக் கிடக்கு? கரண்ட் இல்லையோ?"

"ஓம் அண்ணை, மழைக்கு நிண்டிட்டுது."

அப்போதுதான் அக்கா கதிரையிலிருந்து எழும்பினார். "உதை இஞ்சை தா" என்று கைபேசியை வாங்கினார். அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து அறை வாசல்வரை நடந்தார். கைபேசியைத் திருப்பிக் கட்டிலைக் காட்டினார். பிறகு மேலே, உடைந்த சீலிங்கை. பிறகு பூஞ்சணச் சுவரை, மூலைக்கு மூலை, அவசரப்படாமல், ஆறுதலாக.

"பார் மோனை. உன்ரை வீடு ஒழுகுது. முதல் மாரியிலையிருந்து ஒழுகுது. நாங்கள் உனக்கு மறைச்சனாங்கள்."

"மேசன் பிழை விட்டிட்டான் போலை" என்றான்.

"மேசன் நீ அனுப்பின படத்தைத்தான் கட்டினவன். வீடு வடிவு, மோனை. மழைக்குத்தான் பிடிக்கேல்லை."

"அந்தக் கட்டிலிலையோ நீங்கள் படுக்கிறனீங்கள்?"

"ஓம்."

மழையும் அக்காவின் மூச்சும்தான் கேட்டன. அக்கா கைபேசியை இறக்கவில்லை.

"மாமா நிக்கிறாரோ?"

"நிக்கிறன்."

"நீங்கள் அப்பவே சொன்னீங்கள், மாமா."

வாசகர்களே, இப்படியொரு வசனத்தைக் கேட்பதற்காக உத்தியோக காலம் முழுவதும் காத்திருந்து, கேட்காமலே ஓய்வுபெற்றவன் நான். பதில் என் நாக்கில் ஆயத்தமாக இருந்தது. உபபிரிவுகளும் இருந்தன. அவ்வளவையும் விழுங்கிவிட்டு, "முதல் அம்மாவை என்ரை வீட்டை கூட்டிக்கொண்டு போறன். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்றேன். அந்த விழுங்கலுக்கு ஓய்வூதியத்தில் ஏதாவது கூட்டித் தரலாம்.

மழை ஓய்ந்ததும் வேலை தொடங்கினோம். பக்கங்களிலும் பின்னாலும் உயர்ந்து நின்ற சுவர்களை வெட்டினோம். கூரையைச் சரிவாக்கி, சீற்றுகளை மூன்று பக்கமும் சுவருக்கு வெளியே நீட்டி, பீலியை வெளியே தொங்கவிட்டோம். இனி வேம்பு எவ்வளவு இலை கொட்டினாலும் தண்ணீர் முற்றத்தில்தான் வழியும். முகப்பை மட்டும் அப்படியே விட்டு, கூரை அதைத் தொடும் இடத்தில் தகடு வைத்து மூடினோம். முன்னால் இருந்து பார்த்தால் கனடா, பின்னால் இருந்து பார்த்தால் நல்லூர்.

இதற்கிடையில் கனடாவிலிருந்த மருமகன் ஒரு காரியம் செய்தான். இடிந்த சீலிங்கும் கட்டிலும் தெரியும் படத்தை அதே வட்ஸ்அப் குழுவில் போட்டான். "இது என்ரை வீடு. இதைப் பாத்துக் கட்டுறவை கூரையை ஒளிக்க வேண்டாம்" என்று கீழே எழுதினான். அதற்குப் பிறகு என் தொலைபேசி ஓயவில்லை. உத்தியோகக் கதிரையில் நான் இருந்தபோது என்னைக் கண்டால் ஒளித்தவர்களெல்லாம் இப்போது வெளிநாட்டு நேரத்தில் கூப்பிட்டுப் பீலி பற்றிக் கேட்கிறார்கள்.

வேலை முடிந்த வாரம், அக்கா தன்னுடைய அறைக்குத் திரும்பியிருந்தார். மூச்சு தெளிந்திருந்தது. ஞாயிறு அழைப்பு வந்தபோது மருமகள் கைபேசியோடு வெளியே போய்ப் புதிய தாழ்வாரத்தைச் சுற்றிக் காட்டினாள். அவன் பார்த்து முடித்துவிட்டு, "அம்மாட்டைக் குடு" என்றான்.

"அம்மா, நானும் ஒண்டு காட்டவேணும்."

அவன் தன் கைபேசியைத் தள்ளிப் பிடித்தான். வலது கைக்குத் தோளிலிருந்து விரல்வரை கட்டுப் போட்டிருந்தது. வேலைத்தலத்தில் விழுந்து முறிந்ததாம். அம்மா கவலைப்படுவார் என்று சொல்லவில்லையாம். இவ்வளவு நாளும் அவனும் முகத்தை மட்டும் படத்துக்குள் வைத்துக் கதைத்திருக்கிறான்.

அக்கா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அதுதான் இவ்வளவு நாளும் எனக்கு உன்ரை மூக்கு மட்டும் தெரிஞ்சதோ?"

அவன் சிரித்தான். பிறகு அழுதான். அக்கா அழவில்லை. ஆர் சமைக்கிறது, ஆர் குளிக்க வாக்கிறது, எலும்பு பொருந்தினதோ என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். சொன்ன பதில் திருப்தியில்லாதபோது, "கையைக் கிட்டக் கொண்டு வந்து காட்டு" என்றார்.

கூரையில் பிழை எங்கே என்று கண்டவன் நான், அது என் தொழில். ஆனால் பிழையைச் சொன்னாலும் பிள்ளை பிள்ளையாகவே இருப்பான் என்று நம்பி, மூச்சு வாங்க அந்த வாசலில் நின்று காட்டியவர் என் அக்கா. அவருக்குத் தம்பி என்று சொல்லிக்கொள்வதுதான் இன்றுவரை எனக்குக் கிடைத்த பெரிய பதவி.